நிற்காத குத்து

எங்கள் மொட்டை மாடியில் முதல் குத்து காற்றிலேயே நின்றுபோனது தெரியவந்தது சித்திரை பிறந்து மூன்றாம் நாள் காலையில்; அதைக் கண்டுபிடித்தது குத்தியவரும் இல்லை, குத்தக் கற்றுக்கொடுத்தவளும் இல்லை, பிரமு அக்காவின் கூழ்வத்தலுக்கு வந்த ஒரு காக்கா. வத்தல் துணிக்கு மேலே நெஞ்சுயரத்தில், கம்பி இல்லாமல் கயிறு இல்லாமல் வெறுங்காற்றில் அது உட்கார்ந்து தலையைச் சாய்த்து எங்கள் ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டிருக்க, பிரமு அக்கா எப்போதும்போல் செருப்பைக் கழற்றி எறிய, காக்கா பறந்துவிட்டது, செருப்பு மட்டும் அந்த இடத்தில் எதிலோ பட்டு டக்கென்று கீழே விழுந்தது. அக்கா போய்க் கையை நீட்டி, கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டியைத் தேடுகிற மாதிரி துழாவினார்கள். பிறகு நின்றார்கள்.

"ஏ, இது என் கைல்லா!"

அவர்களுடைய கைதான். மடக்கிய நான்கு விரல்கள், மேலே பூட்டிய கட்டைவிரல், சிவப்புக்கல் மோதிரத்தின் மேடு உட்பட எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் கருங்கல் மாதிரி, அங்கேயே இருந்தது. முந்தின நாள் காலையில் அதே இடத்தில் நின்று குத்திய குத்து. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். இரண்டாம் மாடி ரஹ்மத், "காவலுக்கு ஆள் கெடச்சாச்சு, இனிமே வத்தல் பத்திரம்" என்றாள். எங்கள் மாஸ்டர் பிரிஸ்கில்லா, இருபத்து நாலு வயது, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், தொட்டுப் பார்த்துவிட்டு, "இடுப்பு சரியா திரும்பியிருக்கு, அதான் நிக்கி" என்றாள். நாகர்கோவிலில் நீ படித்த இடத்தில் இப்படி நின்றதுண்டா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"இல்ல ஆன்ட்டி. அங்க ஆரல்வாய்மொழிக் காத்து. எதுவும் நிக்காது."

அதோடு அந்த விஷயத்தின் காரணம் பற்றிய ஆராய்ச்சி பாளையங்கோட்டையில் முடிந்தது.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் பதினெட்டு வீடுகள். தை மாதம் கீழே அறிவிப்புப் பலகையில், 'பெண்களுக்கான சீனத்து குங்ஃபூ, உடல்நலம், தற்காப்பு, ஆளுமை வளர்ச்சி, காலை ஆறு முதல் ஏழு' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டபோது நான் உடல்நலத்துக்கு என்று சொல்லித்தான் சேர்ந்தேன். சர்க்கரை இருக்கிறது. ஆளுமை எனக்கு இனி வளர வேண்டியதில்லை, இருப்பதே அதிகம் என்று தூத்துக்குடியில் இருக்கும் என் ஓரகத்தி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். தற்காப்பு என்ற சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி மாதம், காலைப் பூசைக்குப் போய்விட்டு, இருபத்தாறு வருடமாக நடந்த பனங்காட்டுச் சந்து வழியாக நடந்து வந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. பின்சீட்டில் இருந்தவன் கையை நீட்டி என் கழுத்திலிருந்து தாலிச் செயினை இழுத்தான். பக்கத்து வீட்டுக்காரியிலிருந்து புளியை எடைபோடும் கடைக்காரர் வரைக்கும் யாரையும் நான் வாயால் விட்டதில்லை, என் மகள் பெங்களூரில் இருந்து போன் செய்தால் முதலில் "யாரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க?" என்றுதான் கேட்பாள். அந்த நான், கழுத்து எரிய, அந்தப் பையனின் முதுகைப் பார்த்து, கன்னியாஸ்திரிகள் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த குரலில், "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். சந்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் இன்னொரு தடவையும் சொன்னேன் என்று அவள்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு நான் தனியாகத் தெருவில் இறங்கவில்லை. பூசைக்கு என் கணவர் தார்சிஸ் ஸ்கூட்டரில் கொண்டு விட்டார். காய்கறி போனில் வந்தது. கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன்.

மாசியில் இன்னொன்று வந்தது. அவர் வேலை பார்க்கிற சிமெண்ட் ஆலை அவரை இரண்டு வருடத்துக்கு அரியலூருக்கு மாற்றியது. ஜூன் ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும், தங்குவதற்கு ஆண்களுக்கான விடுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தூத்துக்குடியில அண்ணன் வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. நீ அங்க இருந்துக்கோ. மதினி ஒண்ணும் நினைக்க மாட்டா."

"உங்க மதினி நினைக்கிறதுக்கு மூளை வேணுமே."

"தனியா கீழ இறங்கிப் பால் வாங்க முடியாதுல்லா உனக்கு, எமல்டா. நான் என்ன செய்ய?"

எழுந்து அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினேன். வீட்டைப் பூட்டிவிட்டு, என் ஓரகத்தியின் அடுப்படியில், அவள் கரண்டியைப் பிடித்து, அவள் டிவியில் ஓடுகிற சீரியலைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருடம். அரைகிலோ கத்திரிக்காய் வாங்கக்கூட அவளைத் துணைக்குக் கூப்பிட வேண்டும்.

ஆகவே சித்திரையில் குத்துகள் நிற்கத் தொடங்கியபோது, அந்த மாடியில் அதை என்னைவிட உன்னிப்பாகப் பார்த்தவர் யாரும் இல்லை.

பிரமு அக்காவுக்குப் பிறகு ரஹ்மத்துக்கு நின்றது. அடுத்த வாரம் மற்ற இருவருக்கும் நின்றது. நாளுக்கு ஒன்று, இரண்டு, நல்ல நாளில் ஐந்து. சித்திரை பாதியில் மாடியில் நூற்றுச் சொச்சம் குத்துகள் இருந்தன, இடித்துக்கொள்ளாமல் நடப்பது கடினமாயிற்று, ஆகவே ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினோம், கட்டியதும் அது ஏதோ கோயில் மாதிரி ஆகி, அடுத்த தெருப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வர ஆரம்பித்தார்கள், அவர்களை நான்தான் விரட்டினேன். பிரமு அக்கா நான்கு குத்துகளுக்கு நடுவே வேட்டியைக் கட்டி, தரையில் படாமல் அந்தரத்தில் வத்தல் பிழிந்தார்கள். அவ்வளவு மொறுமொறுப்பான வத்தல் எங்கள் கட்டிடத்தில் அதற்கு முன் பொரிந்ததில்லை. ரஹ்மத் தன்னுடைய ஒன்றில் அவள் மாமனாருக்கு நடைபழகக் கைப்பிடி வைத்துக்கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டியின் ஆடுகிற குழாயை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டியதில் பிளம்பர் வருவது நின்றது. எங்கள் பங்குச்சாமியாரிடம் கேட்டதற்கு, திருச்சபை இதைத் தடுக்கவில்லை, ஆனால் அதன்மேல் துணி காயப்போடுவதைப் பெரிய வெள்ளியன்று தவிர்க்கலாம் என்றார். பெரிய வெள்ளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

செகரட்டரி சங்கரலிங்கம் அண்ணாச்சி ஓய்வுபெற்ற சர்வேயர். அவருக்கு இது அறுபத்தெட்டு வயதில் வந்த வசந்தம். டேப்பும் தூக்குக்குண்டும் கொண்டுவந்து ஒவ்வொரு குத்தையும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அளந்து, வரைபடம் போட்டு, எண் கொடுத்து, சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. மூன்று ஏ-க்காரரின் பங்குக்கு மேலே இரண்டு சி-யின் குத்து நின்றால் அது ஆக்கிரமிப்பா இல்லையா என்பதுதான் கேள்வி.

"பங்குதான் பிரிக்கலியே அண்ணாச்சி" என்றேன். "பிரிக்காத பங்குக்கு ஏது எல்லை?"

"அது தரைக்கும்மா. இது காத்து."

"காத்துக்குப் பத்திரம் இருக்கா?"

"இனிமேதான் எழுதணும்" என்றார், சிரிக்காமல்.

இரண்டு மணி நேரம் பேசி, குத்து நிற்கிற இடம் பொது, குத்து மட்டும் குத்தியவருடையது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். கொஞ்ச நாளில் அது வேறு மாதிரி ஆயிற்று. வகுப்பில் இருந்த கீழ்வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணுக்கு மாடியில எத்தனை நிக்கி?" என்று கேட்டார்கள். ஒரு நாளில் நாலு நிற்கிறவளைக் கணவன் டியூஷனுக்குத் தனியாக ஸ்கூட்டர் ஓட்ட விட்டான். ஒன்றே நிற்கிறவளைத் தெருமுனை வரைக்கும் விட்டான். நூறு வருடமாக இதை அளக்க ஒரு கருவி இல்லாமல் தவித்த மாதிரி எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் கூத்தை நான் நடு மாடியில் நின்று கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. ஏனென்றால் தார்சிஸும் கேட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"ஒண்ணே ஒண்ணு நிக்கட்டும், எமல்டா. அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். மனசு சமாதானமா போவேன்."

எனக்கு ஒன்றுகூட நிற்கவில்லை.

பிரமு அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அருவாமனையில் உட்கார்வதுபோல் குதிரை நிலையில் உட்கார்ந்து, பாக்கை மென்றுகொண்டே அவர்கள் குத்துகிற குத்து நின்றது. நான் நாளைக்கு நூறு குத்தினேன். பிரிஸ்கில்லா சீனத்தில் யீ, அர், சான் என்று மூன்று எண்ணுவதற்குள் நான் ஏழு குத்திவிடுவேன். குத்தியதும் அந்த இடத்தைத் துழாவிப் பார்ப்பேன். காற்று. சுத்தமான, எதுவும் எழுதாத காற்று.

"அவசரப்படுதீங்க ஆன்ட்டி. குதிகால்லருந்து வரணும். குதிகால், முட்டி, இடுப்பு, தோளு, அதுக்கப்புறம்தான் கை."

"வருதுல்லா?"

"வருது. நல்லாத்தான் வருது. ஆனா உங்க இடதுகை எங்க போகுது பாருங்க."

பார்த்தேன். வலது கை முன்னால் போகும்போது இடது கை இடுப்புக்கு இழுபட வேண்டும். இழுக்கிற கைதான் பாதிக் குத்து என்பது முதல் பாடம். என் இடது கை இடுப்புக்குப் போகவில்லை. அது கழுத்தில், செயின் இருந்த இடத்தில், பொத்திக்கொண்டு நின்றது. நான் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போயிருந்தது.

"மாத்திக்கலாம்" என்றாள் பிரிஸ்கில்லா மெதுவாக.

மாற்ற முடியவில்லை. வைகாசி பிறந்தது. ஒருநாள் ரஹ்மத் என் இடதுகையைத் துப்பட்டாவால் என் இடுப்போடு கட்டிப்பார்த்தாள். குத்தினேன். துப்பட்டா கிழிந்தது.

"யக்கா, புதுத் துப்பட்டா!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழசுதான், பழசுதான்" என்றாள்.

மதியங்களில், மாடி கொதிக்கிற நேரத்தில், யாரும் இல்லாதபோது நான் மட்டும் ஏறிப்போய் அவர்களுடைய குத்துகளைத் தொட்டுப் பார்ப்பேன். ஆசையா பொறாமையா என்று கேட்டால் இரண்டும், ஆனால் அதிகம் அந்த மூன்றாவது, சிறுவயதிலிருந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த அது: எப்படி என்று தெரிந்தாக வேண்டும். பிரமு அக்காவுடையது சின்னது, புளிக்கொட்டை மாதிரி வழுவழுப்பு. ரஹ்மத்துடையதைத் தொட்டால் கையில் லேசாகக் குறுகுறுக்கும், சிரிப்பை அடக்குகிறவளின் தோளைத் தொட்டது போல. யாருடையதிலும் பயம் இல்லை. எல்லாக் குத்தும் சரியாக, குத்தியவள் நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றது. அதை வெகுநேரம் யோசித்தேன். அவர்கள் முன்னால் இருக்கிற காற்றைத்தான் குத்தியிருக்கிறார்கள்.

வைகாசி இரண்டாம் வாரம் வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தார்சிஸின் அண்ணன் வேன் அனுப்புகிறார், சாமான் ஏற்ற. வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நான் பிரிஸ்கில்லாவிடம், கான்வென்டில் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லு. எனக்கு வராதா?"

அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆன்ட்டி, நான் அஞ்சு பேரையும் பாக்கேன். இந்த மாடியில கனமான குத்து உங்களுதுதான். பக்கத்துல நின்னா என் சட்டை அசையுது. அவ்வளவு கனம் உள்ளது ஒண்ணுமில்லாம போகாது. இங்க நிக்கலைன்னா எங்கயோ போய் நிக்கி."

"எங்க?"

"நீங்க யாரைப் பாத்துக் குத்துதீங்களோ, அங்க."

என்னை யாரும் தைரியசாலி என்று எழுதிவிட வேண்டாம். பயம் அப்படியே இருந்தது. ஆனால் அவள் அதைச் சொன்னபிறகு வீட்டுக்குள் போய் மூன்று தோசை சுட்டேன், மூன்றும் தீய்ந்தது. எங்கே என்று எனக்குத் தெரியும். இருக்கிறதா என்றுதான் தெரியாது. தெரியாமல் தூத்துக்குடிக்குப் போய், அந்த மாடி ரூமில் படுத்துக்கொண்டு, இரண்டு வருடம் அதை நினைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. திருடனுக்குப் பயந்தாவது இருக்கலாம், இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. அடுப்பை அணைத்தேன். தார்சிஸ் ஆலைக்குப் போயிருந்தார். செருப்பை மாட்டினேன்.

வாசலிலிருந்து பனங்காட்டுச் சந்து முனைக்கு நானூறு அடி தூரம் இருக்கும். அதில் மூன்று தடவை நின்றேன். ஒரு பைக் போனது, சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பால் பூத்துக்காரர், "என்ன அம்மா, முட்டி சரியாயிட்டா?" என்றார். "உங்க பாலைக் குடிச்சா எங்க சரியாகும்?" என்றேன். சொல் சரியாக வந்ததில் கொஞ்சம் தெம்பு.

சந்து முனையில் குறுக்கே ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அதற்கு மேல் ஒரு அட்டையில், 'வண்டி போகாது. இறங்கி வரவும். குத்து கிடக்கு' என்று கரிக்கட்டையால் எழுதியிருந்தது.

சந்தின் நடுவே, சரியாக அந்த இடத்தில், காற்றில் ஒரு நூறு நூற்றைம்பது கந்தல்கள் தொங்கின. பழைய சேலைக் கிழிசல், பனியன் துண்டு, பிளாஸ்டிக் பை. ரிப்பன் வாங்க வசதி இல்லாதவர்கள் கட்டியது. ஒன்றின்மேல் ஒன்றாக, பனங்குலை மாதிரி நெருங்கி, சந்தின் அகலம் முழுக்க, ஒரு பைக்கின் பின்சீட்டில் இருக்கிறவனின் தோள் உயரத்திலிருந்து மேலே. சில கந்தல்கள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தன.

இஸ்திரி வண்டிக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "யாரு, எக்ஸ்கியூஸ் மீ அம்மாவா?"

பேச்சித்தாய். அன்றைக்கு ஓடிவந்தவள். அவள் பெயரைக்கூட நான் அன்று கேட்டிருக்கவில்லை.

"இது எப்பருந்து?" என்றேன்.

"தைப்பொங்கல் கழிஞ்சு. முத நாளு வாழைப்பழக்காரன் மண்டையில இடிச்சான். குடிச்சிருக்கான்னு நினைச்சோம். மறுநாளு பாத்தா எம் மண்டையிலயும் இடிக்கி. அப்புறம் நாளுக்கு நாளு கூடிக்கிட்டே வருது. காலையில ஆறு மணிக்கு மேல, இன்னா கேளுங்க, டப்பு டப்புன்னு வந்து விழும்."

தை. மாடியில் முதல் குத்து நின்றது சித்திரையில். காக்கா உட்கார்வதற்கு மூன்று மாதம் முன்னால், நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பிரிஸ்கில்லா எனக்குக் கட்டைவிரலை எங்கே வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தபோதே, இங்கே நின்றிருக்கிறது.

"மாசியில ரெண்டு பேரு வேகமா வந்து விழுந்தானுவ. ஒருத்தனுக்குப் பல்லு போச்சு. பையில பொம்பளையளு செயினு இருந்துச்சு, போலீஸ் கொண்டு போயிட்டு. அதுல உங்களுது உண்டுமா?"

"யாரும் எனக்குச் சொல்லலை."

"அது சரி." அவள் பெட்டியைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்தாள். "அதுக்கப்புறம் ஒரு பயலும் வண்டியில வரலை. களவாணியும் வரலை, காஸ் சிலிண்டரும் வரலை. உருட்டிக்கிட்டுத்தான் வாரோம். இந்தா, கடைசி வீட்டுப் பெரியவருக்கு வாரத்துக்கு ரெண்டு நாளு ரத்தம் சுத்தம் பண்ணணும், ஆட்டோ உள்ள வராது. சேர்ல உக்கார வச்சு நாலு பேரு குனிஞ்சு தூக்கிட்டுப் போறோம். எந்தக் கூறுகெட்டவ குத்துன குத்தோ!"

கந்தல் கட்டிய ஒன்றை நோக்கிக் கையை நீட்டினேன். விரல்கள் இடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன், இடிக்கவில்லை. கை உள்ளே போனது. தைத்து எடுத்த ரவிக்கையின் கைக்குள் போவதுபோல, மடிப்பு மடிப்பாக, விரல் விரலாகப் பொருந்தியது. என் மெல்லிய கல்யாண மோதிரத்தின் பள்ளம்கூட அதில் இருந்தது. உள்ளே கொதித்தது. அந்தக் கொதிப்பைப் பிடித்துக்கொண்டு கையைப் பின்னுக்கு இழுத்தேன். தோள் வரைக்கும் ஒரு கனம் ஏறியது. கந்தல் தரையில் விழுந்தது.

பேச்சித்தாய் வந்து அந்த இடத்தில் கையை ஆட்டிப் பார்த்தாள். காற்று. அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் அந்தக் கூறுகெட்டவ" என்றேன்.

அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அப்ப எடுங்க" என்றாள்.

அன்று ஒன்பது எடுத்தேன். ஒன்றை எடுக்க ஒரு கை போதவில்லை: வலது கை உள்ளே போய் இழுக்கும்போது இடது கையை இடுப்பில் இறுக்கி ஊன்றி, குதிகாலை அழுத்தி, மூச்சைக் கீழே விட்டால்தான் வரும். அவசரப்பட்டு இழுத்தால் வராது, முழங்கை பிசகும். ஒன்பதுக்கு மேல் கை தூக்க முடியவில்லை. ஒன்பது எடுத்தும் அந்தக் குலை அசையவே இல்லை. தை முதல் வைகாசி வரை, நாளைக்கு நூறு. கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த பெருக்கல் கணக்கை மனதில் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினேன்.

சாயங்காலம் தார்சிஸைக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் அட்டையைப் படிக்காமல் உள்ளே நுழைந்து மூக்கை இடித்துக்கொண்டார். சங்கரலிங்கம் அண்ணாச்சி டேப்போடு பின்னாலேயே வந்துவிட்டார், யார் சொன்னார்களோ. துழாவித் துழாவி அளந்து, கடைசியில் டேப்பைச் சுருட்டினார்.

"இதுக்கு நம்பர் போட முடியாதும்மா" என்றார். அவர் வாழ்க்கையில் அளக்க முடியாமல் விட்ட ஒரே நிலம் அதுவாகத்தான் இருக்கும்.

தார்சிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டே, ஒரு கந்தலைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார், அடுத்ததை. வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இவ்வளவு பயந்திருக்கியா, எமல்டா?" என்றார்.

எல்லோரும் இதைக் கோபம் என்றுதான் நினைத்தார்கள். அவர் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை என்று சொல்ல மாட்டேன், இரண்டாவது.

"சரி, அண்ணன்கிட்ட வேன் வேண்டாம்னு சொல்லிருதேன். ஒண்ணு கேட்டேன், ஆயிரக்கணக்குல நிக்கி. போதும்."

"நிக்கிறதுக்காக இல்லை" என்றேன். "இதை எடுத்தாகணும். வேற யார் கைக்கும் வராது. பெரியவர் சேர்ல போறார். இந்த வேலையைப் போட்டுட்டு உங்க மதினி வீட்ல நான் என்ன செய்ய?"

அவர் சொன்னாரா, அண்ணன் கேட்கவில்லையா, மதினிதான் அனுப்பினாளா, ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்துவிட்டது. அப்போது நான் சந்தில் இருந்தேன். பூசை முடிந்து நேராக வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குதிரை நிலையில் நின்று, இடது சுவரோரமாக ஒரு ஆட்டோ அகலத்துக்கு வழி எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துகள் சிதறலாக இருந்த பக்கம் அது, மூன்று நாளில் எண்பத்தொன்று எடுத்ததில் ஏறக்குறைய திறந்துவிட்டிருந்தது. கை பழகிவிட்டிருந்தது. பேச்சித்தாய் என் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேன் வந்து நிக்கிது. டிரைவர் கட்டிலைக் கழட்டவான்னு கேக்கான். என்ன சொல்ல?"

"காப்பி குடுத்து அனுப்புங்க. டப்பாவில முறுக்கு இருக்கு."

"அண்ணனுக்கு?"

"கையில வேலையா இருக்கேன், சாயங்காலம் நானே பேசுதேன்னு சொல்லுங்க. உங்க மதினிக்கிட்டயும் நானே பேசுதேன். அதை விட்றாதீங்க."

அடுத்த குத்து பிடிவாதமாக இருந்தது. மாசி மாதத்தினதாக இருக்க வேண்டும், அந்த மாதம் முழுக்க நான் மோசமாகத் தூங்கினேன். கையை உள்ளே விட்டு, விரல்கள் ஒவ்வொன்றாகப் பொருந்துகிறவரை காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராத கலை, சந்தில் எல்லோருக்கும் அது தெரிந்துபோயிருந்தது. அப்போது சந்து முனையில் பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது. பேச்சித்தாய், "வரலாம், வரலாம், இடதுபக்கம் ஒடிச்சு வா" என்று கத்தினாள். எனக்குப் பின்னால், முதுகை உரசுகிற மாதிரி, ஒரு வண்டியின் இரைச்சல் மெதுவாக நெருங்கி வந்தது. பெரியவர் உள்ளிருந்து ஏதோ கேட்டார், ஆட்டோக்காரர் ஏதோ சொன்னார், புகை என் காலில் சூடாகப் பட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை குத்துக்குள் இருந்தது, இன்னொன்று இடுப்பில் இருந்தது, இரண்டும் வேலையாக இருந்தன.